இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் சந்தை ஊர்களுக்கு ஒருநாள் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் சைக்கிளோடு ரயிலேறி, நாட்டுப்புறத்தில் இருக்கும் ஒரு பழைய சந்தை ஊருக்குப் போய், அதன் தெருக்களில் அலைந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது. செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை வார இறுதிகளில் நான் விரும்பிச் செய்வது இதுதான். இங்கிலாந்தில் குடியேறிய நண்பர்களும் உறவினர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

சந்தை ஊர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் ‘மார்க்கெட் டவுன்’. நினைத்த இடத்தில் சந்தை கூட்ட இடைக்கால இங்கிலாந்தில் முடியாது. அரசர் பட்டயம் தர வேண்டும். வாரத்தில் எந்தக் கிழமை, ஆண்டில் எந்தத் திருநாளை ஒட்டிப் பெரிய சந்தை என்பதெல்லாம் பட்டயத்திலேயே இருக்கும். பட்டயம் கிடைத்த ஊர் வளர்ந்தது, கிடைக்காத ஊர் கிராமமாகவே நின்றது. சில ஊர்களின் பெயரிலேயே சந்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிப்பிங் நார்ட்டன், சிப்பிங் கேம்ப்டன் என்று வரும் ‘சிப்பிங்’, சந்தையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. லண்டனின் சீப்சைடு தெருவுக்கும் அதே வேர்தான்.

சைக்கிள்காரர்களுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பிராக்டன் என்ற நீதிபதியின் பெயரால் வழங்கிய சட்ட நூல், ஏற்கெனவே இருக்கும் ஒரு சந்தைக்கு ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள் (சரியாகச் சொன்னால் 6⅔ மைல், கிட்டத்தட்ட 10.7 கி.மீ.) புதுச் சந்தை தொடங்கினால் அது பழைய சந்தைக்குக் கெடுதல் என்கிறது. அதற்குச் சொன்ன கணக்கு அழகானது. ஒருவர் ஒரு நாளில் நடக்கக்கூடியது 20 மைல். அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வாங்கி விற்பதற்கு, ஒரு பங்கு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவதற்கு. ஆக, இந்த ஊர்களுக்கு இடையிலான தூரமே ஒரு மனிதர் பகல் வெளிச்சத்தில் போய்த் திரும்புவதை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. காரில் அந்தத் தூரம் கால் மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. சைக்கிளில் போகும்போதுதான் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்குவதை உடம்பு உணர்கிறது.

கோடையை விட்டுவிட்டு ஏன் இலையுதிர் காலத்தில்?

சந்தை ஊர் என்பதே அறுவடையின் பிள்ளை. விளைந்தது விற்பனைக்கு வரும் பருவத்தில்தான் அதை அதன் இயல்பில் பார்க்க முடியும். அக்டோபரில் மேசைகளில் ஆப்பிள் குவிந்திருக்கும். காக்ஸ், ரஸட், பிராம்லி என்று சாக்குக்கட்டியில் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். டாம்சன் என்னும் சின்னக் கருநீலப் பிளம், மண் காயாத லீக், பூசணி எல்லாம் வரும். சூப்பர்மார்க்கெட்டில் ஆண்டு முழுக்க ஒரே ஆப்பிளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய விருந்து.

அதோடு வெயில் இதமாக இருக்கும், சுற்றுலாக் கூட்டம் வடிந்திருக்கும். உயிர்வேலிகளில் இலை உதிர உதிர, கோடையில் பச்சைச் சுவராக மறைத்திருந்த வயல்களும் தேவாலயக் கோபுரங்களும் தெரிய ஆரம்பிக்கும். சமவெளியான கிழக்கு இங்கிலாந்தில் கோபுரத்தைப் பார்த்தே வழி பிடிக்கலாம்.

எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

25 முதல் 35 கி.மீ. போதும். நிதானமாக ஓட்டினால் மணிக்கு 12 கி.மீ. வரும். அப்படியென்றால் சைக்கிள் மேல் இருப்பது மூன்று மணி நேரம்தான், மீதி நேரம் ஊருக்கு. 70, 80 கி.மீ. ஓட்டிவிட்டு ஊரைப் பத்து நிமிடம் பார்த்துத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிராக்டன் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு சந்தைக்கு என்று இருப்பதை நான் அப்படியே பின்பற்றுகிறேன்.

முதல் பயணத்துக்கு எந்த ஊரைச் சொல்வீர்கள்?

லண்டன் பக்கம் இருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்: எஸெக்ஸில் உள்ள சாஃப்ரன் வால்டன். பெயரிலேயே குங்குமப்பூ இருக்கிறது. முன்பு இது சிப்பிங் வால்டன். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சுற்றுவட்டார வயல்களில் குங்குமப்பூ விளைந்து, சாயத்துக்கும் மருந்துக்கும் சமையலுக்கும் விற்று ஊர் செழித்தபோது பெயர் மாறியது. அந்தப் பூ பூப்பது இலையுதிர் காலத்தில்தான். ஊதாப் பூ ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று சிவப்பு இழைகள். விடிகாலையில் பூ முழுதாக மலர்வதற்கு முன் பறித்து, இழையைக் கையால் கிள்ளி உலர்த்த வேண்டும். நாம் பால் பாயசத்தில் இரண்டு இழை போடுகிறோமே, அதை ஒரு காலத்தில் இந்தக் குளிர் மண்ணில் பறித்திருக்கிறார்கள் என்பது அந்த வயல்களைக் கடக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து கேம்பிரிட்ஜ் போகும் ரயிலில் ஏறி ஆட்லி எண்ட் நிலையத்தில் இறங்குங்கள். சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஊர் 4 கி.மீ. வழியில் ஆட்லி எண்ட் மாளிகை தெரியும். செவ்வாயும் சனியும் சந்தை. சந்தை சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் பழைய தானிய மண்டிக் கட்டடம் இப்போது நூலகம். சர்ச் ஸ்ட்ரீட் முனையில் உள்ள ஓல்ட் சன் இன் என்ற வீட்டைத் தவறவிடாதீர்கள். அதன் வெளிச்சுவரின் காரைப் பூச்சில் இலைகளும் பறவைகளும் இரண்டு பெரிய மனித உருவங்களும் புடைப்பாக வடித்திருக்கிறார்கள். ஒருவன் டாம் ஹிக்கத்ரிஃப்ட் என்ற நாட்டுப்புற வீரன், மற்றவன் அவன் எதிர்த்துப் போரிட்ட விஸ்பெக் பூதம். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த உருவங்கள் சுவரிலிருந்து எழுந்து நிற்பதுபோல் இருக்கும்.

சாஃப்ரன் வால்டனிலிருந்து டெப்டன் கிராமம் வழியாகச் சிறு சாலைகளில் தாக்ஸ்டெட் போங்கள். நேராகப் போகும் பி184 சாலையில் கார்கள் வேகமாக வரும், அது வேண்டாம். தாக்ஸ்டெட்டில் தூண்கள் மேல் நிற்கும் 15-ஆம் நூற்றாண்டு மரக்கட்டடமான கில்டுஹால் (ஊர்ப் பொதுக்கூடம்), கோபுரம் விண்ணைத் தொடும் தேவாலயம், 1804-இல் கட்டிய காற்றாலை மூன்றும் ஒரே நடைக்குள் அடங்கிவிடும். இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் குடியிருந்த வீடும் கடைத்தெருவிலேயே இருக்கிறது. தாம் அமைத்த ஒரு மெட்டுக்கு இந்த ஊரின் பெயரையே வைத்தவர் அவர்.

திரும்பும்போது ஆட்லி எண்ட் வேண்டாம், டெப்டனிலிருந்து மேற்கே இறங்கி நியூபோர்ட் நிலையத்துக்கு வாருங்கள். அதே ரயில் பாதைதான். மொத்தம் 30 கி.மீ. சொச்சம். நியூபோர்ட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடலே இல்லாத இந்த ஊரின் பெயரில் உள்ள ‘போர்ட்’ துறைமுகத்தைக் குறிக்காது, பழைய வழக்கில் சந்தையைக் குறிக்கும். வால்டனுக்கு முன் சந்தை கூடியது இங்கேதான். 1141-இல் பேரரசி மட்டில்டா அதை வால்டனுக்கு மாற்றிக்கொள்ள ஜெஃப்ரி டி மாண்டெவில் என்ற பிரபுவுக்கு அனுமதி தந்தார். சந்தை வாங்கிய ஊரில் தொடங்கி, சந்தையை இழந்த ஊரில் பயணத்தை முடிக்கிறோம். ஒன்று நகரமாக நிற்கிறது, மற்றது ஒரே தெருவாக நீண்டு அமைதியாகக் கிடக்கிறது. ஒரு பட்டயம் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக இந்த 30 கி.மீ. எனக்குச் சொன்னது.

தூண்கள் மேல் நிற்கும் அந்தப் பழைய கட்டடங்கள் எதற்கு?

சந்தைக் கூடங்கள். கீழே திறந்தவெளி, மேலே ஓர் அறை. வெண்ணெய், முட்டை, பாலாடைக்கட்டி விற்கும் பெண்கள் மழையிலும் வெயிலிலும் நனையாமல் காயாமல் உட்காரக் கீழ்த்தளம். கணக்கும் வழக்கும் ஊர்க் கூட்டமும் நடக்க மேல்தளம். ஃபேவர்ஷாம் கில்டுஹால் (1574), டெட்பரி சந்தைக் கூடம் (1655) எல்லாம் இந்த அமைப்புதான். மார்க்கெட் ஹார்பரோவில் 1614-இல் ஒரு பள்ளியையே இப்படித் தூண்கள் மேல் கட்டினார்கள், கீழே வெண்ணெய்ச் சந்தை, மேலே பாடம்.

சிப்பிங் கேம்ப்டனில் இருப்பது 1627-இல் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டியது. அந்த ஊர் கம்பளியால் வாழ்ந்த ஊர். 1401-இல் இறந்த வில்லியம் கிரெவல் என்ற வணிகரை, அவருடைய கல்லறைப் பித்தளைத் தகடு இங்கிலாந்துக் கம்பளி வணிகர்களின் மலர் என்று போற்றுகிறது.

இந்தக் கூடங்களின் அருமை மழையில்தான் தெரியும். ஓர் அக்டோபர் சனிக்கிழமை தாக்ஸ்டெட் கில்டுஹாலின் அடியில் முக்கால் மணி நேரம் நின்றேன். என்னோடு ஒரு பாட்டி, அவருடைய நாய், இன்னும் இரண்டு சைக்கிள்காரர்கள். கருத்துப்போன ஓக் தூணில் கை வைத்தால் மரத்தின் ரேகை கயிறு முறுக்கியதுபோல் தட்டுப்படுகிறது. தோள் உயரத்தில் மட்டும் அது வழவழப்பாக இருந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மழைக்கு ஒதுங்கியவர்கள் சாய்ந்த இடம் அது என்றுதான் எனக்குத் தோன்றியது.

வேறு எந்தப் பயணங்கள் நன்றாக இருக்கும்?

சஃபக்கில் சட்பரி, லாங் மெல்ஃபோர்ட், லாவனம் மூன்றையும் இணைத்து 25 கி.மீ. சுற்று. மார்க்ஸ் டே நிலையத்தில் கிளைப் பாதைக்கு மாறி சட்பரியில் இறங்கலாம். ஓவியர் கெயின்ஸ்பரோ 1727-இல் பிறந்த ஊர், சந்தை மேட்டில் அவருக்குச் சிலை உண்டு. வியாழனும் சனியும் சந்தை. லாவனத்துக்குச் சந்தைப் பட்டயம் 1257-இல் கிடைத்தது. நீலச் சாயமிட்ட கம்பளித் துணியால் டியூடர் காலத்தில் நாட்டின் பணக்கார ஊர்களில் ஒன்றாக இருந்தது. பிறகு இதைவிட மெல்லிய, மலிவான துணி கோல்செஸ்டர் பக்கம் நெய்யப்பட, இங்கே தொழில் படுத்தது. இடித்துக் கட்டப் பணம் இல்லாததால் மரச்சட்ட வீடுகள் சாய்ந்தும் கோணியும் அப்படியே நின்றுவிட்டன. இன்று நாம் அழகு என்று படம் எடுப்பது ஓர் ஊரின் நொடிப்பைத்தான். அதை நினைத்துக்கொண்டு நடந்தால் தெரு வேறு மாதிரித் தெரியும்.

கென்டில் கேன்டர்பரியிலிருந்து விட்ஸ்டபிள் வழியாக ஃபேவர்ஷாம். முதல் பாதி ‘கிராப் அண்ட் விங்க்கிள்’ பாதை, 1830-இல் திறந்த பழைய ரயில் தடத்தை ஒட்டியது, சுமார் 12 கி.மீ. காட்டுக்குள் போகும் பகுதி மழைக்குப் பின் சேறாக இருக்கும். இரண்டாம் பாதி சதுப்பு நிலத்தின் ஓரமாக. மேற்குக் காற்று எதிரே அடித்தால் தூரம் இரண்டு மடங்காகத் தோன்றும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஃபேவர்ஷாமில் செவ்வாய், வெள்ளி, சனி சந்தை. ஊருக்குத் தெற்கே பிராக்டேலில் நாட்டின் பழமரத் தொகுப்பு இருக்கிறது. ஆப்பிளில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட வகைகள்.

மலைப்பக்கம் வேண்டும் என்றால் டெர்பிஷரில் பேக்வெல். அதைக் குழந்தைகள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சந்தை நாளில் போவதா, அமைதியான நாளில் போவதா?

ஒரு முறையாவது சந்தை நாளில் போங்கள். காலை 11 மணிக்குள் ஊருக்குள் இருக்க வேண்டும். மதியம் இரண்டு, இரண்டரைக்கெல்லாம் கடைகளைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சந்தைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், நுழையும் இடத்திலேயே பூட்டிவிட்டு நடந்து போங்கள்.

ஞாயிறு பெரும்பாலான ஊர்களில் சந்தை இல்லை. தெருக்களைப் படம் எடுக்க நல்ல நாள், ஆனால் எதற்காக அந்தச் சதுக்கம் அவ்வளவு அகலமாக இருக்கிறது என்பது விளங்காமலே திரும்புவீர்கள்.

ரயிலில் சைக்கிளை ஏற்றலாமா?

ஏற்றலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் நீண்டதூர ரயில்கள் பலவற்றில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும். வேலை நாட்களில் லண்டனுக்குள் வரும் காலை ரயில்களிலும் லண்டனிலிருந்து கிளம்பும் மாலை ரயில்களிலும் முழு அளவு சைக்கிளை அனுமதிப்பதில்லை. மடக்கு சைக்கிளுக்கு இந்தத் தடை இல்லை. வார இறுதியில் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

வார இறுதியின் உண்மையான சிக்கல் வேறு: தண்டவாளப் பணி. ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அதில் முழு அளவு சைக்கிளை ஏற்றமாட்டார்கள். இதைப் பார்க்காமல் கிளம்பி, ஒரு ஞாயிறு மாலை அடுத்த நிலையம் வரை 18 கி.மீ. இருட்டில் ஓட்ட வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து முந்தின இரவே போகும் ரயில், வரும் ரயில் இரண்டையும் சரிபார்க்காமல் நான் படுப்பதில்லை.

எத்தனை மணிக்கு இருட்டும்? விளக்கு கட்டாயமா?

லண்டன் கணக்குக்கு: செப்டம்பர் 20-ஐ ஒட்டி மாலை 7 மணிக்குச் சூரியன் மறையும். அக்டோபர் நடுவில் 6:10. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதால், அன்று திடீரென்று 4:40-க்கே மறைந்துவிடும். முந்தின நாள் சனிக்கிழமை 5:40-க்கு மேல் வரை வெளிச்சம் இருந்ததை மனதில் வைத்துக் கிளம்புகிறவர்கள் அந்த ஞாயிறன்று மாட்டிக்கொள்கிறார்கள். நவம்பர் நடுவில் 4:10.

விளக்கு கட்டாயம். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கும் சிவப்பு எதிரொளிப்பானும் வேண்டும். 1985 அக்டோபருக்குப் பின் தயாரான சைக்கிள் என்றால் பெடலில் மஞ்சள் எதிரொளிப்பான்களும் வேண்டும். இது சட்டம். ஹெல்மெட்டைச் சட்டம் கேட்கவில்லை, நான் போடாமல் ஓட்டுவதில்லை. நாட்டுப்புறச் சாலைகளில் தெருவிளக்கே இருக்காது. மற்றவர்களுக்கு நம்மைக் காட்டும் சின்ன விளக்கு அங்கே போதாது, நமக்குச் சாலையைக் காட்டும் விளக்காக வாங்குங்கள்.

இந்தப் பருவத்துக்கே உரிய ஆபத்துகள் என்னென்ன?

முள். யாரும் முதலில் சொல்லாதது இதுதான். பறவைகள் கூடு கட்டும் மாதங்களுக்காக மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய வயலோர உயிர்வேலிகளை வெட்டத் தடை. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் வெட்டும் கருவியைப் பூட்டிச் சாலையோரம் முழுக்க வெட்டித் தள்ளுவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் தார்ச்சாலையில் விரித்ததுபோல் கிடக்கும். புதிதாக வெட்டிய வேலி பார்த்தவுடன் தெரியும், கிளை நுனிகள் வெள்ளையாகப் பிளந்திருக்கும். அப்படித் தெரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். இரண்டு நிமிட நடை, அரை மணி நேர பஞ்சர் வேலையை மிச்சப்படுத்தும்.

டெப்டன் பக்கம் ஒரு முறை பஞ்சரானபோது புது டியூப் போட்டேன், ஐந்து நிமிடத்தில் அதுவும் இறங்கிவிட்டது. டயரின் உட்புறம் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் அகப்பட்டது. வெளியே முறிந்து, உள்ளே அரிசி முனையளவு நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு முள். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. டியூபை மாற்றுவதற்கு முன் டயரை ஒரு சுற்று முழுதாகத் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு டியூப் எடுத்துப் போங்கள்.

அடுத்தது தாழ்வான வெயில். அக்டோபரில் மாலை நான்கு மணிக்கு மேல் மேற்கு நோக்கி ஓட்டினால் எதிரே எதுவும் தெரியாது. உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பின்னால் வரும் ஓட்டுநருக்கு நீங்களும் தெரியவில்லை. முடிந்தவரை காலையில் மேற்கே போய், மாலையில் கிழக்கே திரும்பும்படி சுற்றை அமைப்பது நல்லது. பகலிலும் பின்விளக்கை எரியவிடுங்கள்.

ஈர இலை வளைவுகளில் சோப்புபோல் வழுக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள், வளைவில் பிடிக்காதீர்கள். கிழக்குப் பகுதிகளில் சுகர் பீட் கிழங்கு அறுவடை நடப்பதால் டிராக்டர் சக்கரத்திலிருந்து விழுந்த களிமண் சாலையில் கிடக்கும், மழை பெய்தால் அதுவும் அதே கதைதான். அப்புறம் ஃபெசன்ட் கோழிகள். அக்டோபர் 1-இல் அவற்றை வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. வேலிக்குள்ளிருந்து திடீரென்று சக்கரத்துக்குக் குறுக்கே ஓடிவரும். ஒன்று வந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாட்டின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் மெல்லிய மஞ்சள் கோடுகளாக இருக்கும் சாலைகளைத் தேடுங்கள். 1:50,000 அளவுள்ள லேண்ட்ரேஞ்சர் வரைபடம் சைக்கிளுக்குச் சரியான அளவு. தேசிய சைக்கிள் பாதைகளுக்கு நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் எண் இருக்கும். கேன்டர்பரி, ஃபேவர்ஷாம் வழியாகப் போவது எண் 1.

நடைபாதை என்று குறித்திருக்கும் வயல் பாதைகளில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. ‘பிரைடில்வே’ என்னும் குதிரைப் பாதைகளில் 1968 முதல் உரிமை உண்டு, நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும். ஆனால் இலையுதிர் காலத்தில் அவற்றில் பல உழுத வயல் மாதிரி ஆகிவிடும், நான் தவிர்த்துவிடுவேன்.

என்ன சைக்கிள், என்ன உடை?

வீட்டில் இருக்கும் சைக்கிளே போதும். மட்கார்டு மட்டும் கட்டாயம், இல்லையென்றால் முதுகெல்லாம் சேறு. டயர் 32 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. உடையில் கைக்கும் காதுக்கும் முதலிடம் கொடுங்கள். கனமான ஒரு ஜாக்கெட்டுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு போட்டால் மேட்டில் கழற்றி, இறக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே போடும் பனியன் பருத்தியாக வேண்டாம், வியர்வையில் நனைந்து சந்தையில் நிற்கும்போது நடுக்கம் எடுக்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். சூப்பும் ரொட்டியும், சீஸ் வைத்த உருளைக்கிழங்கு, சீஸ் வெங்காயப் பேஸ்டி எல்லா ஊரிலும் உண்டு. பப்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு நின்றுவிடும், தேநீர்க் கடைகள் நான்கு மணிக்கு மூடும். அதனால் ஊருக்குள் வந்ததும் முதலில் சாப்பிடுங்கள், பிறகு சுற்றுங்கள்.

கட்டுச்சோறு எடுத்துப் போவது என்றால் ஒரு அனுபவம் சொல்கிறேன். புளியோதரை கோடையில் அருமை, அக்டோபர் குளிரில் சோறு விறைத்துப்போகிறது. சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு மசாலை வைத்துச் சுருட்டினால் ஆறினாலும் நன்றாக இருக்கும். ஃபிளாஸ்கில் டீக்குப் பதில் சூடான மிளகு ரசம் கொண்டுபோய்ப் பாருங்கள். மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது அதற்கு ஈடு இல்லை. அன்று கில்டுஹாலின் அடியில் அந்தப் பாட்டிக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டாவது மூடி கேட்டு வாங்கிக் குடித்தார்.

வேலியோரம் பழுத்திருக்கும் பழங்களைப் பறிக்கலாமா?

காட்டில் தானாக விளைந்த பழத்தை வீட்டுக்காகப் பறிப்பது திருட்டு ஆகாது என்று 1968-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. விற்பதற்காகப் பறித்தால்தான் குற்றம். பிளாக்பெரியைச் செப்டம்பரிலேயே பறித்துவிடுங்கள். செப்டம்பர் 29, புனித மைக்கேல் திருநாளான மைக்கேல்மஸுக்குப் பிறகு பறிக்கக் கூடாது, சாத்தான் அதைக் கெடுத்துவிடுவான் என்பது இங்கத்திய நம்பிக்கை. உண்மையிலும் அக்டோபர் ஈரத்தில் பழம் நீர்த்துப் பூஞ்சை பிடிக்கிறது. பிளாக்தார்னில் கருநீலமாக அழகாகத் தொங்கும் ஸ்லோ பழத்தை அப்படியே வாயில் போடாதீர்கள், பயங்கரத் துவர்ப்பு. பெயர் தெரியாத சிவப்புப் பழங்களைத் தொடவே வேண்டாம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

கார் ஓடாத பாதையாகத் தேர்ந்தெடுங்கள். பேக்வெல்லின் மான்சால் டிரெயில் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். பழைய ரயில் தடம், 8.5 மைல், கடும் ஏற்றமே இல்லை. 2011-இல் சுரங்கங்களைத் திறந்துவிட்டதால் மலைக்குள் சைக்கிள் ஓட்டும் மகிழ்ச்சி குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. உள்ளே எப்போதும் குளிர், ஈரம், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். சுரங்க விளக்குகள் இரவில் எரியாது, அதனால் பொழுதோடு திரும்பிவிடுங்கள். பேக்வெல்லில் திங்கள்தான் சந்தை, கால்நடைச் சந்தையும் அன்றே. பள்ளிகளின் அரைப் பருவ விடுமுறையில் ஒரு திங்களாகப் பார்த்துப் போனால் ஆட்டு மந்தையை நேரில் காட்டலாம். ஊரில் ரயில் நிலையம் இல்லை, சைக்கிளைக் காரில் கட்டித்தான் போக வேண்டும்.

அக்டோபரில் சில ஊர்களில் ‘மாப் ஃபேர்’ என்று நடக்கிறதே, அது என்ன?

அது ஆள் பிடிக்கும் சந்தையாக இருந்தது. மைக்கேல்மஸை ஒட்டிப் பண்ணை வேலைக்காரர்களும் வீட்டு வேலைக்காரர்களும் தங்கள் தொழிலின் அடையாளத்தோடு வந்து நிற்பார்கள். ஆட்டிடையன் கம்பளிக் கொத்தோடு, பணிப்பெண் துடைப்பானோடு. எசமானர் பேசி முடித்து முன்பணம் கொடுத்தால் ஓராண்டு வேலை. இடம் பிடிக்கவில்லை என்று திரும்பியவர்களுக்காகச் சில நாள் கழித்து இன்னொரு சந்தையும் உண்டு, அதற்கு ஓடிப்போனவர் சந்தை என்று பெயர். ஸ்ட்ராட்ஃபோர்ட், வாரிக், டியூக்ஸ்பரி ஊர்களில் இன்றும் பெயர் நிற்கிறது, நடப்பதெல்லாம் ராட்டினமும் மிட்டாய்க் கடையும்தான். அன்று நடுத்தெருக்களை அடைத்துவிடுவார்கள். சைக்கிளை ஊருக்கு வெளியே பூட்டிவிட்டு நடந்து போங்கள்.

கடிகாரம் மாறிய பிறகு போவதில் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது, தூரத்தைக் குறைத்துக்கொண்டால். நவம்பரில் நான் 20 கி.மீ.-க்கு மேல் வைப்பதில்லை. எட்டு மணி ரயிலைப் பிடித்து, இரண்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்து, மூன்றரைக்கு நிலையத்தில் நிற்பேன். பனி விழுந்த காலையில் மர நிழல் படிந்த இறக்கங்களில் பத்து மணி வரைக்கும் உறைபனி கிடக்கும், அந்த நாட்களில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள். சேற்றோடு ஒரு வாரம் விட்டால் அடுத்த சனிக்கிழமை அது துருப்பிடித்து நிற்கும்.